மேனுவல் ஃபிலிம் கேமரா: பீரோவிலிருந்து எடுத்தது முதல் நெகட்டிவைப் படிப்பது வரை

அப்பாவின் பீரோவிலிருந்தோ, மாமா கொடுத்தோ, பழைய சாமான் கடையிலிருந்தோ ஒரு 35 மி.மீ. கேமரா உங்கள் கைக்கு வந்திருக்கலாம். பென்டாக்ஸ் கே1000, யாஷிகா எஃப்எக்ஸ்-3, நிகான் எஃப்எம்10, செனித் என்று எதுவாக இருந்தாலும் வேலை செய்யும் விதம் ஏறக்குறைய ஒன்றுதான். தமிழ்நாடு–கேரள எல்லையில் மலைக்கு இந்தப் பக்கம் இருக்கும் செங்கோட்டை, புளியரை, அந்தப் பக்கம் இருக்கும் ஆரியங்காவு பக்கத்துப் பிள்ளைகள் பலருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்த வரிசையில் இதை எழுதுகிறேன்.

அவர்கள் எல்லோரும் தடுமாறிய இடங்கள் இரண்டே. ஒன்று, செய்ய வேண்டியதை வரிசை மாற்றிச் செய்வது. இன்னொன்று, வெளிச்சத்தைப் பார்க்காமல் கேமராவையே பார்த்துக்கொண்டிருப்பது. முதலாவது ஒரு வாரத்தில் சரியாகிவிடும். இரண்டாவதுக்குத்தான் பழக்கம் வேண்டும், அதனால் அந்தப் பகுதி கீழே நீளமாக இருக்கும்.

1. ஃபிலிம் வாங்கும் முன் கேமராவைச் சோதியுங்கள்

ஃபிலிம் விலை இன்று கொஞ்சநஞ்சமல்ல. கெட்டுப்போன கேமராவில் ரோலைப் போட்டுவிட்டு, கழுவி வந்த பிறகு தெரிந்துகொள்வதைவிட, காலியாக இருக்கும்போதே பார்த்துவிடுவது நல்லது.

முதலில் லென்ஸ். கழற்றி, அப்பர்ச்சரை (வெளிச்சம் நுழையும் துளை) முழுக்கத் திறந்து, ஒரு பக்கத்திலிருந்து டார்ச் அடித்து மறுபக்கத்திலிருந்து சாய்வாகப் பாருங்கள். சிலந்தி நூல்போல வெள்ளை இழைகள் கிளை விட்டிருந்தால் அது ஃபங்கஸ். சாரல் அடிக்கும் நம் பகுதியில் பல வருடம் பீரோவில் கிடந்த லென்ஸில் இது இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஓரத்தில் ஓரிரு இழை என்றால் படத்தில் தெரியாது. நடுவில் படர்ந்திருந்தால் படம் புகை மூடியதுபோல் வரும். அப்படிப்பட்ட லென்ஸை மற்ற லென்ஸ்கள் இருக்கும் பெட்டியில் வைக்காதீர்கள்.

அடுத்து அப்பர்ச்சர் தகடுகள். எண்ணெய்க் கறை இருந்தால் தகடுகள் மெதுவாக நகரும், படம் எடுக்கும் கணத்தில் சொன்ன அளவுக்கு மூடாது. வளையத்தை எஃப் 16-க்குத் திருப்பி, லென்ஸின் பின்னால் இருக்கும் சிறு நெம்புகோலை விரலால் தள்ளி விடுங்கள். தகடுகள் சட்டென்று மூட வேண்டும்.

பிறகு பின்கதவைத் திறந்து ஷட்டரை, அதாவது ஃபிலிமுக்கு முன்னால் திறந்து மூடும் திரையை, பாருங்கள். வேகத்தை 1 என்ற எண்ணில் வைத்து (அது ஒரு முழு விநாடி) அழுத்துங்கள். சத்தத்திலேயே ஒரு விநாடி தெரியும். நடுவில் சிக்கி நின்றாலோ இரண்டு விநாடி இழுத்தாலோ உள்ளே கிரீஸ் இறுகியிருக்கிறது. அப்புறம் 1/1000-இல் வைத்து, வெளிச்சமான வானத்துக்கு நேராகப் பிடித்து, பின்னாலிருந்து பார்த்தபடி அழுத்துங்கள். முழுச் சட்டமும் ஒரு கணம் பளிச்சிட வேண்டும். ஒரு பக்கம் இருட்டாகவே இருந்தால் திரை சரியாக ஓடவில்லை. எந்தக் காரணத்துக்காகவும் ஷட்டர் திரையை விரலால் தொடாதீர்கள்.

கதவின் ஓரங்களில் கறுப்பு ஸ்பாஞ்ச் ஒட்டியிருக்கும். வெளிச்சம் உள்ளே போகாமல் தடுப்பது அதுதான். தொட்டதும் விரலில் தார்போல ஒட்டினால் மாற்றியே ஆக வேண்டும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சியால் பழையதைச் சுரண்டி எடுத்துவிட்டு, பள்ளத்தில் கறுப்புக் கம்பளி நூலை அழுத்தி வைத்தாலே போதும். அழகாக இருக்காது, ஆனால் வெளிச்சம் நுழையாது.

கடைசியாக பேட்டரி அறை. பச்சை அல்லது வெள்ளைப் பொடி படிந்திருந்தால் வினிகரில் தொட்ட பஞ்சுக்குச்சியால் துடைத்துக் காயவிடுங்கள். கே1000, எஃப்எக்ஸ்-3 போன்றவற்றில் பேட்டரி லைட் மீட்டருக்கு (வெளிச்சத்தை அளக்கும் கருவி) மட்டும்தான், ஷட்டர் அது இல்லாமலே ஓடும். கேனான் ஏஇ-1 அப்படியல்ல, பேட்டரி தீர்ந்தால் ஷட்டரே இறங்காது. உங்களுடையது எந்த வகை என்று இப்போதே தெரிந்துகொள்ளுங்கள்.

2. கையில் இருக்க வேண்டியவை

400 ஐஎஸ்ஓ நெகட்டிவ் ஃபிலிம் ஒன்று. ஐஎஸ்ஓ என்பது ஃபிலிம் வெளிச்சத்தை எவ்வளவு எளிதில் வாங்கும் என்று காட்டும் எண், எண் கூடினால் குறைந்த வெளிச்சமே போதும். கலர் என்றால் கோடக் அல்ட்ராமேக்ஸ் 400, கறுப்பு வெள்ளை என்றால் இல்போர்ட் எச்பி5 பிளஸ். காலாவதியான ரோல் மலிவாகக் கிடைக்கிறது என்று முதல் தடவையே அதை வாங்க வேண்டாம். படம் மங்கலாக வந்தால் தவறு உங்களுடையதா ஃபிலிமுடையதா என்று பிரித்தறிய முடியாது.

400 ஏன் என்றால், இங்கே காலையில் செங்கோட்டை வெயிலிலும் மதியம் ஆரியங்காவுக் காட்டு நிழலிலும் ஒரே ரோலில் படம் எடுக்க வேண்டி வரும். 100 போட்டால் மலைக்கு அந்தப் பக்கம் கை நடுக்கம் காட்டிக்கொடுத்துவிடும்.

புது பட்டன் பேட்டரி வாங்குங்கள். கே1000-க்கு எல்ஆர்44 பொருந்தும். அதே அளவில் எஸ்ஆர்44 கிடைத்தால் அதையே எடுங்கள். கொஞ்சம் விலை கூடுதல், ஆனால் தீரும் வரை மின்னழுத்தம் மாறாது, மீட்டர் பொய் சொல்லாது. ஒலிம்பஸ் ஓஎம்-1 போன்ற பழைய கேமராக்கள் 1.35 வோல்ட் மெர்குரி பேட்டரிக்காகச் செய்யப்பட்டவை. அது இப்போது விற்பனையில் இல்லை. காது கேட்கும் கருவிக்குப் போடும் 675 எண் பேட்டரி 1.4 வோல்ட், கிட்டத்தட்ட சரியாக இருக்கும்.

தூசி ஊதும் ரப்பர் பந்து, சிலிக்கா ஜெல், சட்டைப் பைக்குள் அடங்கும் நோட்டு, பென்சில். நோட்டைத் தட்டிக்கழிக்காதீர்கள். ஒவ்வொரு படத்துக்கும் ஷட்டர் வேகம், அப்பர்ச்சர், வெளிச்சம் எப்படி இருந்தது என்று ஒரு வரி எழுதினால்தான் நெகட்டிவ் வந்த பிறகு எதையாவது கற்றுக்கொள்ள முடியும். டிஜிட்டலில் கேமராவே இதை எழுதி வைத்துவிடும், இதில் நாம்தான் எழுத வேண்டும்.

3. ஃபிலிம் இல்லாமல் ஒரு வாரம்

இந்தப் படியைத் தாண்டிப் போகத்தான் எல்லோரும் துடிக்கிறார்கள். "ரோல் போட்டுட்டே பழகிக்கிறேண்ணே" என்பார்கள். வேண்டாம். காலி கேமராவில் நூறு தடவை அழுத்தினாலும் காசு செலவில்லை.

பழக வேண்டியவை மூன்று. ஷட்டர் வேகம், அப்பர்ச்சர், ஃபோகஸ்.

ஷட்டர் வட்டத்தில் இருக்கும் 60, 125, 250, 500 எல்லாம் பின்னங்கள். 125 என்றால் ஒரு விநாடியில் 125-இல் ஒரு பங்கு. எண் கூடக் கூட நேரம் குறையும். ஒவ்வொரு எண்ணும் முந்தையதைவிட ஏறக்குறைய பாதி வெளிச்சத்தை உள்ளே விடும். இரண்டு எண்களுக்கு நடுவே நிறுத்தக் கூடாது, கிளிக் என்று உட்கார வேண்டும்.

அப்பர்ச்சர் வளையத்தில் 2, 2.8, 4, 5.6, 8, 11, 16 என்று இருக்கும். எண் பெரிதானால் துளை சிறிது. லென்ஸின் குவிய நீளத்தைத் துளையின் விட்டத்தால் வகுத்து வருவதுதான் இந்த எண். 50 மி.மீ. லென்ஸில் எஃப் 2 என்றால் துளை 25 மி.மீ., எஃப் 16 என்றால் சுமார் 3 மி.மீ. காரணம் தெரிந்துவிட்டால் குழப்பம் திரும்ப வராது. இங்கும் ஒவ்வொரு படியும் வெளிச்சத்தைப் பாதியாக்கும். இந்த ஒரு படியைத்தான் ஸ்டாப் என்கிறோம். வளையத்தை இரண்டு எண்களுக்கு நடுவே வைக்கலாம், தவறில்லை.

பயிற்சி இதுதான். 1/125, எஃப் 8-இல் தொடங்குங்கள். ஷட்டரை 1/250 ஆக்கினால் அப்பர்ச்சரை எங்கே நகர்த்த வேண்டும்? எஃப் 5.6. 1/500 என்றால் எஃப் 4. மூன்றிலும் ஃபிலிமில் விழும் வெளிச்சம் ஒன்றே. கண்ணை வியூஃபைண்டரிலிருந்து (கண் வைத்துப் பார்க்கும் சாளரம்) எடுக்காமல் இதைச் செய்ய வரும் வரை திருப்பிக்கொண்டே இருங்கள். பஸ்ஸில் போகும்போதுகூடச் செய்யலாம்.

சில சோவியத் கேமராக்களில், முக்கியமாக ஃபெட், ஸோர்க்கி வகைகளில், லீவரை (ஃபிலிமை அடுத்த படத்துக்கு நகர்த்தி ஷட்டரை ஏற்றும் கைப்பிடி) இழுத்த பிறகுதான் ஷட்டர் வேகத்தை மாற்ற வேண்டும். முன்னதாக மாற்றினால் உள்ளே பழுதாகலாம். அந்த வகை கையில் இருந்தால் எப்போதும் முதலில் லீவர், பிறகு வேகம்.

4. ரோல் போடுவது

மொத்த ரோலும் வெறுமையாக வருவதற்குக் காரணம் பெரும்பாலும் இந்த ஒரு இடம்தான். 36 படம் எடுத்த சந்தோஷத்தோடு போய், ஒன்றுகூட இல்லை என்று கேட்டுத் திரும்புவது பெரிய வருத்தம். கீழே உள்ள வரிசையில் ஒன்றையும் விடாதீர்கள்.

நிழலுக்குப் போங்கள். வெயிலில் நின்று போட்டால் ரோலின் வாயில் இருக்கும் வெல்வெட் வழியாக வெளிச்சம் கசிந்து முதல் சில படங்கள் போய்விடும். ஃபிலிம் ஃபிரிட்ஜில் இருந்திருந்தால் டப்பாவைத் திறக்காமலே ஒரு மணி நேரம் வெளியே வையுங்கள். இல்லாவிட்டால் நம் ஊர் ஈரக்காற்று பட்டதும் ஃபிலிமின் மேல் நீர் கோத்துக்கொள்ளும்.

இடது பக்கத்து ரிவைண்ட் குமிழை மேலே இழுத்தால் கதவு திறக்கும். ரோலின் நீட்டிக்கொண்டிருக்கும் முனை கீழே இருக்கும்படி இடது அறையில் வைத்து, குமிழைத் திரும்ப அழுத்துங்கள். அழுந்தவில்லை என்றால் லேசாகத் திருப்பினால் உட்காரும்.

ஃபிலிமின் நாக்கை வலப்பக்க உருளையின் பிளவில் செருகுங்கள். நுனி மட்டும் செருகினால் வழுக்கிக்கொண்டு வெளியே வந்துவிடும். ஒன்றரை சென்டிமீட்டராவது உள்ளே போகட்டும்.

இப்போது கதவை மூடாமல் லீவரை ஒரு தடவை இழுங்கள். ஃபிலிமின் மேல் ஓரத் துளைகளும் கீழ் ஓரத் துளைகளும் பல்சக்கரத்தில் மாட்டியிருக்க வேண்டும். ஒரு ஓரம் மட்டும் மாட்டியிருந்தால் ஃபிலிம் கோணலாக ஓடிக் கிழியும். இதைக் கண்ணால் பார்த்த பிறகே கதவை மூடுங்கள். 'ஃபிலிம் வீணாகுமே' என்று இந்த ஒரு இழுப்பை மிச்சம் பிடிக்கப் பார்ப்பவர்கள்தான் மொத்த ரோலையும் இழக்கிறார்கள்.

கதவை மூடியதும் ரிவைண்ட் கைப்பிடியை மடிப்பிலிருந்து விரித்து, அம்புக்குறித் திசையில் மெதுவாகச் சுற்றுங்கள். லேசாகத் தடுக்கும்போது நிறுத்துங்கள். ரோலுக்குள் இருந்த தளர்ச்சி போய்விட்டது. இனி லீவரை இழுக்கும்போதெல்லாம் இந்தக் குமிழ் எதிர்த்திசையில் தானாகச் சுழல வேண்டும். சுழன்றால் ஃபிலிம் நகர்கிறது. சுழலவில்லை என்றால் நகரவில்லை, உடனே கதவைத் திறந்து மறுபடி மாட்டுங்கள். எண் காட்டும் முள்ளை நம்பாதீர்கள். ஃபிலிம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது பாட்டுக்கு ஓடும்.

முள் 1-க்கு வரும் வரை இரண்டு மூன்று தடவை அழுத்தி இழுங்கள். வெளிச்சம் பட்ட பகுதி அதில் கடந்துபோகும்.

5. ஐஎஸ்ஓ

ரோலில் இருக்கும் 400 என்ற எண்ணைக் கேமராவின் ஐஎஸ்ஓ சாளரத்திலும் வையுங்கள். பழைய மேனுவல் கேமராக்கள் ரோலின் மேல் உள்ள கோடுகளைத் தாமாகப் படிக்காது. ரோல் டப்பாவின் அட்டையைக் கிழித்துக் கேமராவின் பின்னால் ஒட்டி வையுங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று இரண்டு வாரம் கழித்து மறந்துபோகும்.

ரோலின் நடுவில் எண்ணை மாற்ற வேண்டாம். 36 படங்களும் ஒரே தொட்டியில், ஒரே நேரத்துக்குத்தான் கழுவப்படும்.

6. வெளிச்சத்தைப் படிப்பது

மீட்டரைத் தொடும் முன் ஒரு விதியைக் கண்ணுக்குப் பழக்குங்கள். மேகமில்லாத நேர் வெயிலில் அப்பர்ச்சர் எஃப் 16, ஷட்டர் வேகம் ஐஎஸ்ஓ எண்ணுக்குப் பக்கத்து எண். 400 ஃபிலிம் என்றால் 1/500. சுந்தரபாண்டியபுரத்துச் சூரியகாந்திக் காட்டில் பளிச்சென்ற வெயிலில் நிற்கிறீர்களா? 1/500, எஃப் 16. மீட்டரே வேண்டாம்.

மேகம் வந்தால் வானத்தைப் பார்க்காதீர்கள், தரையில் உங்கள் நிழலைப் பாருங்கள். நிழலின் ஓரம் கத்தி வெட்டியதுபோல் இருந்தால் எஃப் 16. ஓரம் மெத்தென்று இருந்தால் எஃப் 11. நிழல் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வந்தால் எஃப் 8. மேகம் மூடி நிழலே இல்லை என்றால் எஃப் 5.6. வெயில் நாளில் வீட்டுத் திண்ணை நிழலில் ஆள் உட்கார்ந்திருந்தால் எஃப் 4. ஷட்டர் எல்லாவற்றுக்கும் 1/500-தான்.

ஆனி, ஆடியில் கணவாய்க் காற்றோடு மேகம் ஓடும்போது செங்கோட்டையில் ஐந்து நிமிடத்தில் இந்த ஐந்து நிலையும் வந்துபோகும். அதனால் ஒரு தடவை செட் செய்துவிட்டு அப்படியே எடுத்துக்கொண்டிருக்க முடியாது. ஒவ்வொரு படத்துக்கும் முன்பு தரையைப் பார்க்கும் பழக்கம் வர வேண்டும்.

இந்த எல்லையில் இருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. புளியரை வயலில் எஃப் 16-இல் எடுத்துவிட்டு, கோட்டைவாசல் வளைவுகளைத் தாண்டி ஆரியங்காவுக்குள் இறங்கினால் காடு தலைக்குமேல் கூடிவிடும். அங்கே மர நிழலில் 1/125, எஃப் 4 தேவைப்படும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஷட்டரில் இரண்டு ஸ்டாப், அப்பர்ச்சரில் நான்கு, ஆக ஆறு ஸ்டாப். வெளிச்சம் 64-இல் ஒரு பங்காகிவிட்டது. நம் கண் அதை உணராது. சில நொடியில் பழகிக்கொண்டு 'கொஞ்சம் நிழல்' என்று மட்டும் சொல்லும். ஃபிலிம் அப்படிப் பழகிக்கொள்ளாது. மலைக்கு அந்தப் பக்கம் எடுத்த படங்கள் மட்டும் இருட்டாக இருக்கின்றன என்று வருபவர்கள் எல்லோரும் இதில்தான் சிக்கியிருக்கிறார்கள். மழை மேகமும் சேர்ந்தால் 1/60, எஃப் 2.8 வரைகூட இறங்க வேண்டிவரும்.

கண் ஒரு மதிப்பைச் சொன்ன பிறகு மீட்டரைப் பாருங்கள். கே1000-இல் வியூஃபைண்டரின் வலது ஓரத்தில் ஒரு முள் இருக்கும், அது நடுவில் நிற்கும்படி வைத்தால் போதும். நீங்கள் நினைத்ததும் முள் சொல்வதும் ஒரு ஸ்டாப்புக்குள் இருந்தால் நன்றாகப் பழகிவிட்டீர்கள். மூன்று ஸ்டாப் வித்தியாசம் வந்தால் இருவரில் ஒருவர் ஏமாந்திருக்கிறீர்கள். பெரும்பாலும் மீட்டர்தான்.

மீட்டர் ஏமாறுவதற்குக் காரணம் உண்டு. எதைக் காட்டினாலும் அது நடுத்தரச் சாம்பல் நிறம் என்றே எடுத்துக்கொள்ளும். பாலருவியை நேராகக் காட்டினால் வெள்ளை நீரைச் சாம்பலாக்க வெளிச்சத்தைக் குறைக்கச் சொல்லும், சுற்றியுள்ள பாறையும் மரமும் கரியாகிவிடும். வெள்ளை வேட்டி கட்டியவர், சுண்ணாம்பு அடித்த சுவர், ஆளுக்குப் பின்னால் வெளுத்த வானம் எல்லாம் இதே கதை. அருவிக்குப் பக்கத்துப் பாறையையும் புல்லையும் காட்டி முள்ளைச் சரிசெய்துவிட்டு, பிறகு அருவிக்குத் திருப்புங்கள். வானம் பின்னால் இருந்தால் கேமராவைக் கீழே சாய்த்துத் தரையை அளந்துவிட்டு நிமிருங்கள். முள் அலையும், அலையட்டும். வைத்த எண்ணை மாற்றாதீர்கள்.

பக்கத்தில் எதுவும் இல்லையா? உங்கள் உள்ளங்கையை, ஆள் நிற்கும் அதே வெளிச்சத்தில் நீட்டி அளந்து, அதைவிட ஒரு ஸ்டாப் திறந்து வையுங்கள். உள்ளங்கை நடுச் சாம்பலைவிட சுமார் ஒரு ஸ்டாப் வெளிச்சமானது. மாநிறமோ கறுப்போ, உள்ளங்கையில் பெரிய வித்தியாசம் இருக்காது.

சந்தேகம் வந்தால் வெளிச்சம் கூடுதலாக விடும் பக்கமே போங்கள். நெகட்டிவ் ஃபிலிம் ஒரு ஸ்டாப், இரண்டு ஸ்டாப் கூடுதலைத் தாங்கும். குறைந்தால் நிழல் பகுதியில் எதுவுமே பதியாது, பதியாததைப் பிறகு எந்த ஸ்கேனிலும் மீட்க முடியாது. டிஜிட்டலில் பழகியவர்களுக்கு இது தலைகீழாகத் தோன்றும். அதில் வெளுத்துப்போவதற்குப் பயப்பட வேண்டும், இதில் இருட்டுக்கு.

7. ஃபோகஸும் கையும்

வியூஃபைண்டரின் நடு வட்டத்தில் ஒரு நேர்கோட்டைத் தேடுங்கள். முகம் என்றால் கண், கட்டடம் என்றால் தூணின் ஓரம். வட்டம் இரண்டாகப் பிளந்த வகையில் உடைந்த கோடு ஒன்றுசேர வேண்டும். அந்த வசதி இல்லாத கேமராவில் மணிமணியான வட்டம் தெளிய வேண்டும்.

அப்பர்ச்சர் மாறினால் தெளிவாக விழும் தூரமும் மாறும். 50 மி.மீ. லென்ஸை எஃப் 8-இல் 5 மீட்டரில் வைத்தால் சுமார் மூன்றரை மீட்டரிலிருந்து ஒன்பது மீட்டர் வரை தெளிவாக இருக்கும். தெருவில் எடுக்கும்போது அப்படி வைத்துவிட்டு ஃபோகஸைத் தொடாமலே நடக்கலாம்.

50 மி.மீ. லென்ஸைக் கையில் பிடித்து எடுக்க 1/60-க்குக் கீழே இறங்காதீர்கள். 135 மி.மீ. என்றால் 1/125-கூடப் பயம்தான், 1/250 நல்லது. முழங்கைகளை விலாவோடு ஒட்டி, மூச்சைப் பாதி விட்டு, பட்டனைக் குத்தாமல் அமுக்குங்கள். ஃபிளாஷ் போட்டால் கே1000-இல் ஷட்டர் 1/60-க்கு மேல் போகக் கூடாது. போனால் படத்தின் ஒரு பகுதி இருட்டாகிவிடும்.

8. ஒரு படத்துக்கான வரிசை

நிழலைப் பார், எண்களை வை, மீட்டரை ஒப்பிடு, ஃபோகஸ், சட்டம், அழுத்து, நோட்டில் எழுது. அடுத்த படம் எடுக்கப்போகும்போது லீவரை இழு.

அழுத்தியதும் லீவரை இழுத்து வைக்கச் சொல்பவர்களும் உண்டு. தெருவில் ஓடி ஓடி எடுப்பவர்களுக்கு அது சரி. கற்றுக்கொள்பவர்களுக்கு நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஷட்டர் ஏற்றிய நிலையில் பைக்குள் போட்டால் தவறுதலாக அழுந்தி ஒரு படம் போகும்.

கே1000-இல் மீட்டருக்குத் தனி ஸ்விட்ச் இல்லை. லென்ஸ் மூடியைப் போடுவதுதான் ஸ்விட்ச். மூடி போடாமல் வைத்தால் பேட்டரி ஓடிக்கொண்டே இருக்கும்.

9. சாரலும் ஃபங்கஸும்

குற்றாலம் சீசன் நேரத்தில் கேமரா கெடுவது நனைவதால் மட்டுமல்ல, காயாததால். அருவிப் பக்கம் போய் வந்ததும் பையிலேயே விட்டுவிடாதீர்கள். வெளியே எடுத்து, உலர்ந்த துணியால் உடம்பைத் துடைத்து, ஃபேன் காற்றில் ஒரு மணி நேரம் வையுங்கள். லென்ஸில் நீர்த்துளி இருந்தால் ஊதி எடுத்துவிட்டு, மென்துணியால் ஒற்றுங்கள், தேய்க்காதீர்கள்.

கூடவே வந்த தோல் உறையைக் கழற்றிவிடுங்கள். பார்க்க அழகுதான், ஆனால் தோல் ஈரத்தைப் பிடித்து வைத்து ஃபங்கஸை வளர்க்கும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். நீல மணிகள் இளஞ்சிவப்பானால் ஈரம் குடித்துத் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். வாணலியில் சிறு தீயில் வறுத்தால் திரும்ப நீலமாகும், ஆனால் அந்த வாணலியைச் சமையலுக்குப் பயன்படுத்தாதீர்கள். அரிசிப் பானைக்குள் வைப்பது வேண்டாம். அரிசித் தூசி லென்ஸ் வளையத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

எடுத்துப் புழங்கிக்கொண்டே இருக்கும் கேமராவில் ஃபங்கஸ் எளிதில் வராது. மாதம் ஒரு தடவையாவது வெளியே எடுத்து எல்லா வேகத்திலும் அழுத்துங்கள்.

10. ரோல் முடிந்ததும்

36-க்குப் பக்கத்தில் லீவர் பாதியில் நின்றால் நிறுத்துங்கள். முறுக்கி இழுத்தால் ஃபிலிம் ரோலிலிருந்து பிய்ந்துவிடும். பிய்ந்துவிட்டதா? கதவைத் திறக்காதீர்கள். அப்படியே இருட்டறை வைத்திருப்பவரிடம் கொண்டு போங்கள்.

எண் 40-ஐத் தாண்டியும் லீவர் சுகமாக ஓடினால் ஃபிலிம் மாட்டவே இல்லை. சந்தேகமாக இருந்தால் அடிப்பக்கப் பட்டனை அழுத்தாமல் ரிவைண்ட் கைப்பிடியை லேசாகச் சுற்றிப் பாருங்கள். தடுத்தால் ஃபிலிம் மாட்டியிருக்கிறது.

சுற்றும் முறை: அடிப்பக்கப் பட்டனை அழுத்துங்கள், கைப்பிடியை விரியுங்கள், அம்புத் திசையில் நிதானமாகச் சுற்றுங்கள். கடைசியில் ஒரு இழுப்பு விட்டு கை லேசாகும். இன்னும் இரண்டு சுற்று சுற்றிய பிறகுதான் கதவு. பட்டனை அழுத்த மறந்து பலமாகச் சுற்றினால் துளைகள் கிழியும்.

சுற்றாமல் கதவைத் திறந்துவிட்டால் பதறாமல் உடனே மூடுங்கள். உருளையில் வெளிச்சுற்றில் இருக்கும் கடைசிப் படங்கள் போயிருக்கும், உள்சுற்றில் இருப்பவை தப்பியிருக்கலாம். தூக்கிப் போடாமல் கழுவக் கொடுங்கள்.

11. கழுவக் கொடுப்பதும் நெகட்டிவைப் படிப்பதும்

நம் சின்ன ஊர் ஸ்டுடியோக்களில் ஃபிலிம் கழுவும் வேலை ஏறக்குறைய நின்றுவிட்டது. கூரியரில் பெருநகர லேபுக்குத்தான் அனுப்ப வேண்டியிருக்கும். அனுப்பும்போது உறையில் ஃபிலிம் வகையைக் கொட்டை எழுத்தில் எழுதுங்கள். கலர் நெகட்டிவ் கழுவும் மருந்து வேறு, கறுப்பு வெள்ளை மருந்து வேறு. எச்பி5 போன்ற கறுப்பு வெள்ளை ரோலைத் தவறிக் கலர் மெஷினில் போட்டால் அதில் உள்ள பிளீச் வெள்ளியை எல்லாம் கரைத்துவிடும், வெறும் பிளாஸ்டிக்தான் திரும்பி வரும்.

ஸ்கேன் மட்டும் போதும் என்று சொல்லாதீர்கள், நெகட்டிவையும் திருப்பி அனுப்பச் சொல்லுங்கள். ஸ்கேன் செய்பவர் வெளிச்சத்தைச் சரிசெய்து அனுப்பிவிடுவார், உங்கள் தவறு மறைந்துவிடும். நெகட்டிவ் எதையும் மறைக்காது.

ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஓரத்தில் ஃபிலிம் பெயரும் எண்களும் அச்சாகியிருக்கும். அவை இருந்து படம் எதுவுமே இல்லை என்றால், பெரும்பாலும் ரோல் நகரவில்லை, நான்காம் படிக்குப் போங்கள். ஓர எழுத்துகளும் இல்லை என்றால் கழுவியதில் கோளாறு.

படம் இருந்தும் நெகட்டிவ் மெலிந்து கண்ணாடிபோல் இருந்தால் வெளிச்சம் போதவில்லை. நோட்டை எடுத்து அந்த எண்ணில் என்ன எழுதியிருக்கிறீர்கள் என்று பாருங்கள். மலைக்கு அந்தப் பக்கம் எடுத்தவை மட்டும் மெலிந்திருந்தால் ஆறாம் படி. கலர் படத்தில் ஒரு ஓரத்திலிருந்து செம்மஞ்சள் தீற்றல் வந்தால் கதவு ஸ்பாஞ்சைப் பாருங்கள். எல்லாப் படமும் ஒரே அளவுக்கு மெலிந்திருந்தால் ஐஎஸ்ஓ எண் அல்லது பேட்டரி.

அடுத்த ரோலைப் போடும் முன் இந்த நெகட்டிவையும் நோட்டையும் பக்கத்தில் வைத்து, 36-க்கும் நேராக ஒரு சொல் எழுதுங்கள்: சரி, மெலிவு, கறுப்பு (வெளிச்சம் கூடியது), அசைவு, ஃபோகஸ். எந்தச் சொல் அதிகம் வருகிறதோ, இரண்டாவது ரோலில் அதை மட்டும் கவனியுங்கள். இரண்டாவது ரோலும் அதே கேமரா, அதே லென்ஸ், அதே ஃபிலிமாக இருக்கட்டும்.